மூக்கனுக்கு ஒரு கல்

எங்கள் கடல் லாரியில் வந்தது. சிரிக்காதீர்கள். இன்றைக்கு நீங்கள் உப்புப் பொடியை வாளியில் கொட்டி, கலக்கி, அரை மணியில் ஒரு கடலைச் செய்துவிடுகிறீர்கள். நாடு சுதந்திரம் வாங்கிச் சில வருடங்களே ஆகியிருந்த அந்தக் காலத்தில் மைசூரில் அந்த வசதி ஏது? கோழிக்கோட்டுக் கரையில் மரப் பீப்பாயில் மொண்டு, தேங்காய் மூட்டைகளுக்கு நடுவே கயிறு போட்டுக் கட்டி, மலையும் காடும் ஏறி இறங்கி, குண்டலுபேட்டையில் டிரைவர் ஒரு டீ குடிக்கும்வரை ஓரமாக நின்று, பிறகு எங்களிடம் வந்து சேரும். பதினைந்து நாளைக்கு ஆறு பீப்பாய். அவ்வளவுதான் எங்கள் கடல்.

வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் என்னிடம் ஒரே கதையைத்தான் கேட்கிறீர்கள். "மருந்து போடாமல், மீனை விட்டே தொட்டியைச் சுத்தம் செய்தீர்களாமே, சொல்லுங்கள் லூர்தம்மா." செய்தேன். அதைச் சொல்லி எத்தனையோ கூட்டங்களில் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். ஆனால் எப்போதும் பாதியில் நிறுத்திவிடுவேன். கைதட்டல் அந்த இடத்தில்தான் வரும், அதனால் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. வேலையை விட்டு இத்தனை வருடம் ஆகிவிட்டது, இனி எனக்கு என்ன பயம்? இன்று முழுவதையும் சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் லூர்தம்மா இல்லை, வெறும் லூர்து. இருபத்தாறு வயது. பூங்காவில் இருந்த மீன் காட்சிக்கூடத்தில் தற்காலிக ஊழியர். கண்ணாடி துடைப்பதுதான் வேலை. நன்னீர்த் தொட்டிகள் பத்தோ பன்னிரண்டோ இருந்தன, தங்கமீனும் கெண்டையுமாக. கடைசி அறையில் மட்டும், ஒரு பெரிய மனிதர் அன்பளிப்பாகக் கொடுத்த கண்ணாடித் தொட்டி ஒன்று, ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கும் நீளத்தில். அதுதான் கடல் தொட்டி. அதைப் பார்த்துக்கொள்ள அங்கிருந்த ஆண்கள் ஒருவரும் முன்வரவில்லை. உப்பு கையை அரிக்குமாம், பீப்பாய் நாறுமாம். "நான் பார்க்கிறேன்" என்றேன். பிழைத்தோம் என்று கொடுத்துவிட்டார்கள்.

அந்த அறைக்கு உயரத்தில் ஒரே ஒரு ஜன்னல். மத்தியானம் இரண்டு மணி வாக்கில் வெயில் அதன் வழியாக நேரே தண்ணீருக்குள் இறங்கும். உடனே நாலு சுவரும் அசையத் தொடங்கும். கூரை அசையும், என் சேலை அசையும், என் கை எனக்கே வேறு யாருடையதோ போலத் தெரியும். தொட்டிக்குள் ஐந்து கடல் குதிரைகள் வாலைக் கல்லில் சுற்றிக்கொண்டு, எதையோ யோசிப்பவை மாதிரி நிற்கும். நான் அதுவரை கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. கடல் என்றால் எனக்கு அந்த அறைதான். சில நாள் துடைக்கும் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. யாராவது இருமினால்தான் கரைக்கு வருவேன்.

ஒரு தடவை பீப்பாயோடு வந்த கடல் கல்லில் ஒரு பூ ஒட்டிக்கொண்டு வந்தது. விரல் நுனி அளவு, பழுப்பு நிறம், கண்ணாடி மாதிரி ஊடே தெரியும் இதழ்கள். பூவல்ல, உயிர், ஒரு வகைக் கடல் சாமந்தி என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் நாங்கள் அதைக் கண்ணாடிப் பூ என்றே சொன்னோம். பார்க்க வந்தவர்களுக்குக் கடல் குதிரையைவிட அதுதான் பிடித்தது. "எஷ்டு சென்னாகிதே!", எவ்வளவு அழகு என்று குழந்தையைத் தூக்கிக் காட்டுவார்கள். எனக்கும் பெருமைதான். ஒன்று மூன்றாயிற்று, மூன்று முப்பதாயிற்று. ஒரு நாள் காலையில் ஒரு கடல் குதிரை அடியில் கிடந்தது. வால் முழுக்க வெந்த மாதிரி வெள்ளைத் தழும்பு. அந்தப் பூவின் இதழ் ஒவ்வொன்றும் கொடுக்கு. பிடித்துக்கொள்ளக் கல்லைத் தேடிப் போகும் கடல் குதிரைக்கு, போகிற இடமெல்லாம் கொடுக்கு.

கோபம் வந்தால் எனக்குக் கண் தெரியாது. அன்றைக்கே ஷேவிங் பிளேடு ஒன்றை வாங்கி, எல்லாப் பூவையும் கல்லோடு வைத்து நறுக்கித் தள்ளினேன். ஆஹா, என்ன சாதனை! மூன்றே வாரத்தில், நறுக்கிய ஒவ்வொரு துணுக்கிலிருந்தும் ஒரு புதுப் பூ. முப்பதை வெட்டி முந்நூறாக்கிய புண்ணியவதி நான்தான். உங்களில் யாராவது பிளேடை எடுத்தால் கையை ஒடிப்பேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

மயில்துத்தத்தையும் ஒரு தனிப் பாத்திரத்தில் கரைத்துப் பார்த்தேன். அதில் விட்ட நத்தையும் இறாலும் முதலில் செத்தன. பூ மட்டும் சற்றே சுருங்கி, மறுநாள் திரும்பவும் விரிந்தது. அதற்குள் இன்னும் இரண்டு கடல் குதிரைகள் போய்விட்டன.

கூடத்தின் மேற்பார்வையாளர் மேல்கோட்டைப் பக்கத்து ஸ்ரீவைஷ்ணவர். பெயர் வேண்டாம், சார் என்றே சொல்கிறேன். மீன்களுக்கு இரை போடும் நேரத்தில் அந்தப் பக்கமே வரமாட்டார். ஆனால் எந்தத் தொட்டியில் எது வாடியிருக்கிறது என்று நடந்துபோகும்போதே சொல்லிவிடுவார். அவர்தான் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, நிற்க வைத்துச் சொன்னார்.

"லூர்து, மறைச்சுப் பிரயோஜனம் இல்லை. கமிட்டியிலே பேசிட்டா. ஈஸ்டர் முடிஞ்ச திங்கக்கிழமை வந்து பார்க்கறாளாம். அந்தக் களை அப்படியே இருந்தா, கடல் தொட்டியை வத்த வெச்சுட்டுத் தங்கமீன் விட்டுடலாம்னு தீர்மானம்."

"அப்ப நான், சார்?"

"கடல் தொட்டிக்குன்னுதானே உன் போஸ்ட்" என்றார். சொல்லிவிட்டு மேஜை மேல் இருந்த காகிதத்தை நேராக்கினார்.

வேலை போனால் நான் போக வேண்டிய இடம் எனக்குத் தெரியும். கோலார் தங்கவயலில் அண்ணன் வீடு. அம்மா செத்த பிறகு அங்கே இரண்டு வருடம் இருந்திருக்கிறேன். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. சாப்பிடக் கூப்பிடவும் இல்லை. எல்லோரும் சாப்பிட்டு எழுந்ததும் நானே போய்ப் போட்டுக்கொள்ள வேண்டும், விறகு அடுக்கியிருக்கும் ஓரத்தில் படுத்துக்கொள்ள வேண்டும். அண்ணி சொந்தக்காரர்களிடம் என்னைக் காட்டி, "இவ இங்கதான் இருக்கா" என்பாள், அண்டாவைக் காட்டுகிற குரலில். திரும்ப அங்கே போவதைவிட அந்தக் கடல் தொட்டிக்குள் குதித்துவிடலாம் என்று இருந்தது எனக்கு.

பீப்பாய் கொண்டுவரும் லாரி டிரைவர் மாதப்பனிடம் புலம்பினேன். மாதப்பன் கோபிநத்தத்துக்காரன், காட்டு ஓரத்து ஊர். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவன். போகும்போது காய்கறி மூட்டை, வரும்போது தேங்காயும் எங்கள் கடலும். பதினைந்து நாளுக்கொரு வியாழக்கிழமை வருவான். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கரையில கேக்கறனுங்க்கா. அதைத் திங்கறதுக்குன்னு ஒண்ணு இல்லாமலா இருக்கும்? எல்லாத்துக்கும் ஒண்ணு இருக்குமில்லீங்க" என்றான். புத்தகம் படித்த எனக்குத் தோன்றாதது அவனுக்குத் தோன்றியது.

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு அடுத்த நாள் வந்தான். பீப்பாய்களை இறக்காமல், முதலில் தன் சீட்டுக்குப் பக்கத்திலிருந்து ஒரு மண்பானையைத் தூக்கிக்கொண்டு வந்தான். பானை வாய்க்குள் ஒரு ரப்பர் குழாய், குழாயின் மறுமுனையில் காற்றடைத்த லாரி டியூப். வழியெல்லாம் டியூபிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விட்டுக்கொண்டே வந்திருக்கிறான். ஒரு கையால் ஸ்டியரிங், ஒரு கையால் டியூபின் வாய். மலையில் அப்படியா ஓட்டினாய் பாவி என்று நான் வைதேன். அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

பானைக்குள் உள்ளங்கை அகல மீன் ஒன்று. மஞ்சள் உடம்பு, கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டை, நீண்டு கூர்மையான மூக்கு.

"பேரு மூக்கனுங்க" என்றான்.

"யார் வைத்த பேர்?"

"நாந்தானுங்க. வழியில பேச்சுத் துணைக்குப் பேரு வேணுமில்லீங்க?"

"கரையில் என்ன சொன்னார்கள்?"

"அந்தப் பூவைத் தவிர வேற எதையும் தொடாதாமுங்க."

மூக்கனைத் தொட்டியில் விட்டோம். நாலு நாள் கல்லுக்குப் பின்னாலிருந்து வெளியே வரவில்லை. பார்க்க வருகிறவர்கள் கண்ணாடியைத் தட்டுவார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் அது இன்னும் உள்ளே ஒடுங்கும். என்ன செய்வது? தவக்காலத்தில் எங்கள் மாதா கோயிலின் சுரூபச் சிலைகளை மூட ஊதாத் துணி தைத்துக் கொடுத்திருந்தேன். அதில் மிஞ்சிய துணி வீட்டில் இருந்தது. அதைக் கொண்டுவந்து தொட்டியின் முகப்பு முழுவதையும் மூடித் தொங்கவிட்டேன். சார் வாசலில் நின்று பார்த்தார்.

"என்ன லூர்து, மீனுக்கும் துக்கமோ?"

"ஈஸ்டர் வரைக்கும் சார்."

"சரி. யாராவது கேட்டா வைத்தியம் நடக்கறதுன்னு போர்டு வெச்சுடு" என்றார். அதோடு அவரே ஒரு அட்டையில் அழகாகக் கன்னடத்தில் எழுதியும் கொடுத்தார்.

அந்த ஐந்தாறு வாரங்களை நான் எப்படிச் சொல்வேன்? நான் ஒருசந்தி இருந்தேன், நாளுக்கு ஒரே ஒரு வேளைச் சாப்பாடு. மத்தியானப் பசியில் தலை லேசாகிவிடும். துணிக்குப் பின்னால் ஒரு முக்காலியைப் போட்டு, தொட்டியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு உட்காருவேன். வெயில் துணியில் பட்டு அறை முழுக்க ஊதாவாகும். தண்ணீர் ஊதா, கல் ஊதா, நான் ஊதா. அந்த வெளிச்சத்தில் மூக்கன் வரும். ஒரு பூவுக்கு எதிரே நின்று, தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்த்து, ரொம்ப நேரம் பார்க்கும். பிறகு மூக்கை நீட்டி ஓர் இதழைக் கிள்ளும். பூ மூடிக்கொள்ளும். அது காத்திருக்கும். பூ திறக்கும். இன்னொரு கிள்ளு. அவசரமே கிடையாது. பார்த்துக்கொண்டே தூங்கிவிடுவேன். தூக்கத்தில் கூடம் முழுக்கத் தண்ணீர் நிற்கும், சார் மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பார், அவர் பேனாவைச் சுற்றி மூக்கன் நீந்தும். விழித்தால் ஒரு கல் சுத்தமாகியிருக்கும்.

கல் கல்லாகச் சுத்தமாயிற்று. மிஞ்சியிருந்த இரண்டு கடல் குதிரைகளும் மேலிருந்து இறங்கி வந்து கல்லைப் பிடித்துக்கொண்டன. அதைப் பார்த்து நான் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று மாதப்பன் வந்தான். பீப்பாயை இறக்கிப் போட்டதும் நேரே துணிக்குப் பின்னால் போய்விடுவான், அது அவன் வழக்கம். அன்று வெளியே வந்தபோது சிரிப்பில்லை.

"அக்கா, ஒரே ஒரு கல்லுதான் மிச்சமிருக்குதுங்க. பின் மூலையில. அதுல ஏழெட்டுப் பூ இருக்குமுங்க."

"தெரியும். சனிக்கிழமைக்குள் முடித்துவிடும்."

"முடிச்சுட்டா அது என்னத்தைத் திங்கும்?"

எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. கமிட்டிக்கு இன்னும் நாலு நாள்.

"அந்தக் கல்லை எடுத்து வேற பாத்திரத்துல வெச்சுருங்க்கா. ஒரு நாளைக்கு ஒரு பூ, இல்லாட்டி ரெண்டு நாளைக்கு ஒண்ணுன்னு காட்டுங்க. அடுத்த வியாழக்கிழமை விட்டு அதுக்கடுத்த வியாழன் நான் வந்துருவனுங்க. வரும்போது பூவோட ஒரு கல்லுக் கொண்டாறேன்."

"சரி மாதப்பா" என்றேன்.

"மறந்துராதீங்க."

"சரி என்கிறேனே!"

பெரிய சனிக்கிழமை சார் விடுமுறையிலும் வந்தார். கமிட்டியில் ஒருவர் ரொம்பக் கண்டிப்பானவராம். "ஒண்ணே ஒண்ணு கண்ணிலே பட்டாலும் தொட்டியை மூடறதுக்குக் கையெழுத்துப் போட்டுடுவேன்னாராம், லூர்து. பின்னறை, பாத்திரம், பக்கெட் எல்லாத்தையும் பார்ப்பாராம். ஜாக்கிரதை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் அந்த அறையில் தனியாக நின்றேன். கல்லை அதற்கு முன்பே வெளியே எடுத்து ஒரு எனாமல் குவளையில் வைத்திருந்தேன். எட்டுப் பூக்கள், விரிந்து, அசையாமல் இருந்தன. குவளையை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாம். என் வாடகை அறைக்குள் எந்தக் கமிட்டி வந்து பார்க்கும்? வேறு யோசனை வரவில்லை என்று எனக்கு நானே பல வருடம் சொல்லிக்கொண்டேன். பொய். யோசனை வந்தது. குவளையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் வரை போனேன். பாதி வழியில் யாராவது பார்த்தால்? ஒரு துணுக்கு என் கையில் ஒட்டித் திரும்பத் தொட்டிக்கு வந்தால்? பிளேடில் பட்ட சூடு இன்னும் ஆறவில்லை. அண்ணி "இவ இங்கதான் இருக்கா" என்று சொல்வது காதில் கேட்டது. திரும்பி உள்ளே வந்து, ஸ்டவ்வில் தண்ணீர் வைத்து, கொதிக்கக் கொதிக்கக் குவளைக்குள் ஊற்றினேன். எட்டும் ஒரே நொடியில் வெளுத்தன. கல்லைச் சுரண்டிக் கழுவி வெயிலில் வைத்தேன். நிம்மதியாக மூச்சு விட்டேன். ஆமாம், நிம்மதியாகத்தான்.

திங்கட்கிழமை கமிட்டி வந்தது. நானே துணியை விலக்கினேன். இரண்டு மணி வெயில் சரியாக இறங்கியது. சுவரெல்லாம் அசைந்தது. கண்டிப்பான மனிதர் பின்னறைப் பக்கெட்டைக்கூட எட்டிப் பார்க்கவில்லை. தொட்டிக்கு எதிரே கைகட்டி நின்றவர் நின்றபடியே நின்றார். "இந்த மஞ்சள் மீனா செய்தது?" என்று கேட்டார். அடுத்த வாரம் என் வேலையை நிரந்தரமாக்கிக் காகிதம் வந்தது. சார் அதை இரண்டு கையாலும் நீட்டினார். கூட்டங்களில் நான் கதையை முடிக்கிற இடம் இதுதான். கைதட்டல் இங்கேதான் வரும்.

கமிட்டி வந்துபோன மறுநாளும் மூக்கன் தன் வேலையைத் தொடங்கியது. முதல் கல்லுக்குப் போய் எதிரே நின்று தலையைச் சாய்த்துப் பார்க்கும். ஒன்றுமில்லை. அடுத்த கல்லுக்குப் போகும். பூ இருந்த இடங்கள் எல்லாம் அதற்கு நினைவிருந்தது. ஒவ்வொன்றிலும் மூக்கை வைத்துப் பார்க்கும். பிறகு திரும்ப முதல் கல். நான் ஆற்று இறாலை நசுக்கிப் போட்டேன், மண்புழுவை நறுக்கிப் போட்டேன், வெந்த முட்டையை உதிர்த்துப் போட்டேன். எல்லாம் அதன் முகத்துக்கு எதிரே மெதுவாக இறங்கி அடியில் விழுந்தன. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வாரத்தில் தலைக்குப் பின்னால் சதை வற்றி, குழி விழுந்தது. நான் ஈஸ்டர் விருந்து சாப்பிட்டு, தினமும் மூன்று வேளை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

சார் ஒரு நாள் வந்து தொட்டி முன்னால் நின்றார். என்றைக்கும் இல்லாமல் வெகுநேரம் நின்றார்.

"விரதம் இருக்கறவாளுக்கு என்னிக்கு முடியும்னு தெரியும், லூர்து. இதுக்கு யார் சொல்லறது?"

குவளையைப் பற்றி அவருக்கும் தெரியாது.

வியாழக்கிழமைக்காக நாளை எண்ணினேன். வியாழன் வந்தது, மாதப்பன் வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. சனிக்கிழமை காலை கதவைத் திறந்தபோது மூக்கன் பின் மூலையில், அந்தக் கடைசிக் கல்லை எடுத்த வெற்றிடத்தில், பக்கவாட்டில் கிடந்தது. கையில் எடுத்தேன். கனமே இல்லை. பூங்காவில் ஒரு செண்பக மரத்தடியில் புதைத்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து கூடத்துக்கு வந்தால் வாசலில் லாரி நிற்கிறது. மாதப்பன் முகமெல்லாம் கிரீஸ், சட்டை முழுக்கப் புழுதி. பீப்பாய்கள் லாரியிலேயே இருக்க, மண்பானையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். டியூப் தோளில் தொங்கியது.

"கொண்டாந்துட்டனுங்க்கா! பெரிய கல்லு. நாப்பது பூ இருக்கும். மூக்கனுக்கு ஒரு மாசத்துக்குக் கவலையில்லை. குண்டலுபேட்டைல ஆக்சில் உடஞ்சு போச்சுங்க, மூணு நாள் ரோட்டுலயே கெடந்தேன். அந்தக் கல்லு பத்துச்சுங்களா?"

என் முகத்தைப் பார்த்தான். கதவைத் தாண்டி உள்ளே போனான். கல் கல்லாகத் தேடினான். நான் பின்னாலேயே போய் நின்றேன்.

"எப்பங்க்கா?"

"நேற்றுக் காலை."

பானையைத் தரையில் வைத்தான். அதன் பக்கத்திலேயே அவனும் உட்கார்ந்தான். விரல் விட்டு எண்ணினான். "வியாழன். வெள்ளி. சனி. மூணே நாளுங்க்கா. வியாழக்கிழமையே வந்திருந்தா..." என்று நிறுத்தினான். "அந்த ஆக்சிலு சத்தம் போடுதுன்னு போன தடவையே தெரியுமுங்க. அப்பறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். நாந்தானுங்க கொன்னுட்டேன்."

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். எட்டுப் பூவையும் கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக் கொன்றவள் நான், உன் கல்லை நான் வைத்திருக்கவில்லை, மூக்கன் உன் ஆக்சிலுக்காகச் சாகவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது.

"உன் தப்பில்லை மாதப்பா" என்றேன்.

அது சத்தியமான வார்த்தை. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "நீங்க நல்ல மனசுக்காரங்க. நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க" என்றான்.

நான் குனிந்து பானையைத் தூக்கிக்கொண்டேன்.

தொழிலுக்கான பாடம் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்: வேட்டையாடுகிற உயிரை ஒரு தொட்டியில் விடுகிற அன்றைக்கே, அதன் இரையை வேறொரு ஜாடியில் வளர்க்கத் தொடங்குங்கள். எதிரி ஒழிகிற நாளில் உங்கள் காவல்காரனுக்குச் சோறு போட வேறு ஆள் கிடையாது. நான் அன்றே தொடங்கினேன். அவன் கொண்டுவந்த கல்லை ஒரு கண்ணாடி ஜாடியில் வைத்தேன். ஒரு வருடத்தில் ஜாடி இரண்டாயிற்று, பிறகு நாலாயிற்று. அவற்றைப் பூட்டிய பின்னறையில் வைத்தேன். மூக்கனுக்குப் பிறகு வந்த அதே வகை மீன்கள் எதுவும் என்னிடம் பட்டினி கிடந்ததில்லை.

மாதப்பனுக்கு ஜாடிகளைக் காட்டவில்லை. காட்டினால், "அன்னைக்கே இப்படி வெச்சிருக்கலாமேங்க்கா" என்பான். பிறகு கேள்வி வரும், பதில் வரும். அதனால் அவன் ஒவ்வொரு நடையிலும் ஒரு கல் கொண்டுவந்தான், நான் வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவன் ஒரு வியாழக்கிழமைகூடத் தவறவில்லை. மழையில் வந்தான், காய்ச்சலில் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்தான். ஒரு தடவை லாரி பழுதாகி, பானையைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தான். கண்டக்டர் சண்டை போட்டதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னான். "ஒரு தடவை பட்டது போதுமுங்க" என்பான்.

சில வருடங்கள் கழித்து ஒரு வியாழக்கிழமை. கோபிநத்தத்தில் அவன் தங்கச்சிக்குக் கல்யாணம் என்று பத்திரிகை வைத்திருந்தான். அப்பா இல்லாத வீடு, எல்லாம் இவன் தலையில்தான். அந்தத் தடவை அவன் வரமாட்டான் என்று எனக்கு ஒரு நிம்மதி. சாயங்காலம் நாலு மணிக்கு அறை வாசலில் நிழல் விழுந்தது. பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம், கையில் பானை. முந்தைய நாளே கரையிலிருந்து கல்லைக் கொண்டுவந்து, இரவெல்லாம் கல்யாணப் பந்தலுக்குப் பக்கத்தில் டியூபோடு வைத்திருந்தானாம். வந்தவர்களெல்லாம் அது என்ன சீர் என்று கேட்டார்களாம்.

"அடப்பாவி, இன்றைக்குக் கல்யாணமாயிற்றே!"

"தாலி கட்டுனதும் கெளம்பிட்டனுங்க்கா. பந்தியில உக்காந்தா நேரமாயிருமுங்க. தங்கச்சி அழுதா, என்னண்ணா மீனுக்கு ஓடறியேன்னு. அவளுக்கு என்னங்க, இன்னைக்கு ஊரே சோறு போடும். இதுக்கு யாரு?"

பின்னறையில், பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம், என் நாலு ஜாடியிலும் கண்ணாடிப் பூ விளிம்பு வரை மண்டிக் கிடந்தது. அவன் காலையிலிருந்து சாப்பிடவில்லை. உதடு வெடித்திருந்தது.

பானையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

"நல்ல வேளை வந்தாய் மாதப்பா" என்றேன்.